யாரும் கேட்காத ஆல்பங்கள்: மதுரைப் பக்கம் தேடுகிறவர்களுக்கான கேள்வி பதில்

ரெக்கார்டு, கேசட் என்று பழைய சரக்கைக் கிளறி, ஊரில் நாலு பேர் மட்டும் கேட்ட ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பவர்களுக்கு இந்தப் பக்கம். ஆல்பம் என்று இங்கே சொல்வது எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய ரெக்கார்டு), ஈ.பி. (ஒரு சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டு), 78 செட் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய ரெக்கார்டுகள்), கேசட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

எதைக் கவனிக்கப்படாத ஆல்பம் என்கிறீர்கள்?

அரிதாகக் கிடைப்பதை அல்ல. அரிதானதற்கு விலை சொல்ல ஆள் இருக்கும். கவனிக்கப்படாததை எடைக்குப் போடுவார்கள். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ சினிமாப் பாட்டு இல்லாத வாத்திய இசை ஆல்பம்தான். வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காக அதை இன்றைக்கும் தேடிப்போய்க் கேட்கிறார்கள். ஆகவே அது இந்தக் கணக்கில் வராது. அதே காலத்தில் ஊர்த் திருவிழாவுக்கென்று பதிவாகி, நாலைந்து வருஷம் குழாய் ரேடியோவில் ஓடி, பிறகு பரணுக்குப் போன கேசட் வரும்.

நல்ல ஆல்பம் ஏன் ஒதுங்கிப்போகிறது?

பெரும்பாலும் பாட்டின் குற்றமாக இருக்காது. படம் ஓடாவிட்டால் பாட்டும் சேர்ந்து மறையும். ‘மணிப்பூர் மாமியார்’ போலப் படம் திரைக்கே வராமல் பாட்டு மட்டும் மிஞ்சியதும் உண்டு. சினிமா அல்லாத இசையென்றால் அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்க டீக்கடையும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. கம்பெனியை மூடிவிட்டால் மூல டேப் யாரிடம் இருக்கிறது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு: கலைஞரின் ஒரு வேலை மிகப் பெரிதாகி மற்றவற்றை மறைத்துவிடும். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் என்றதும் எல்லாரும் 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ என்பார்கள். அவர்களுடைய சாஸ்திரியப் பதிவுகளைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் குறிப்பாக எதைத் தேடலாம்?

முதலில் வர்ணிப்பு, அதாவது சாமியை நீளமாக வர்ணித்துப் பாடும் பாட்டு. அழகர் வர்ணிப்பு, கருப்பசாமி வர்ணிப்பு ஆகியவை கேசட் காலத்தில் நிறைய வந்தன. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்கும் நாட்களில் வைகைக் கரையில் பந்தலுக்குப் பந்தல் ஒலித்தவை இவைதாம். ஒரே குரல், நீண்ட வரிகள், பக்கம் முழுக்க ஒரே ஓட்டம். பல்லவி சரணம் என்று பழகிய காதுக்கு ஆரம்பத்தில் பிடிபடாது. ஒதுக்கிவைக்கப்பட்டதற்கும் அதுவே காரணம்.

அடுத்து ஸ்பெஷல் நாடகம், அதாவது தனித்தனியாக அழைத்துவந்த நடிகர்கள் ஓரிரவு சேர்ந்து நடிக்கும் பாட்டு நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் சபை நடத்திப் பயிற்றுவித்த மரபின் தொடர்ச்சி இது. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா எல்லாம் இரண்டு மூன்று கேசட் கொண்ட செட்டாக வந்திருக்கின்றன. விடிய விடிய நடக்கிற நாடகத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வெட்டியிருப்பார்கள். எதை வெட்டினார்கள் என்பதை வைத்தே செட்டின் தரம் தெரிந்துவிடும். நாரதர் – வள்ளி தர்க்கத்தைக் குறைத்துவிட்டு பபூன் பகுதியை நீட்டிய செட் அவசரத்துக்குச் செய்தது. ஆர்மோனியக்காரரின் பின்பாட்டு முழுதாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நையாண்டி மேளம், ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு கேசட்டுகள் மூன்றாவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் தம்பதியின் நாட்டுப்புறப் பாடல்கள் பலருக்குத் தெரிந்தவை. ஆனால் ஓரிரு பாட்டுதான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கேசட்டின் பி பக்கத்தைப் புரட்டியவர்கள் குறைவு. கர்நாடக இசைப் பாடகர் மதுரை சோமுவின் கச்சேரிப் பதிவுகளுக்கும் இதே கதிதான்.

கதை வசன ரெக்கார்டுகள் இந்தப் பட்டியலில் வேண்டாம். அவற்றுக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

எங்கே கிடைக்கும்?

பழைய புத்தகக் கடைகளிலும் காயலாங்கடைகளிலும் கிடைக்கும், ஆனால் அங்கே வருவது ஏற்கெனவே பாதி கெட்டது. நல்ல இடம் பழைய மைக்செட் கடைதான். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், சோழவந்தான், ஆண்டிபட்டி, கம்பம் என்று எந்த ஊரிலும் இரண்டு தலைமுறையாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர்கள் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரெக்கார்டும் கேசட்டும் வைத்திருந்தவர்கள் அவர்கள்தாம். பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. ஆடித் திருவிழாக்கள் முடிந்து, ஐப்பசி மழை தொடங்குமுன் போனால் பரணில் ஏறி எடுத்துத் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மைக்செட் ரெக்கார்டு அதிகம் ஓடியிருக்கும், அதுவும் கனமான ஊசியில். சினிமா ஹிட் ரெக்கார்டெல்லாம் தேய்ந்து வெளுத்திருக்கும். பக்கத்திலேயே யாரும் போடச் சொல்லாத ரெக்கார்டு புத்தம் புதிதாக இருக்கும். நாம் தேடுவது அதைத்தானே.

வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

ரெக்கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்று அடிக்கும். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால் பள்ளமே தேய்ந்துவிட்டது, கழுவினாலும் தீராது. தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து நெளிவு பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடியது என்று அர்த்தம்.

கேசட்டில் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் புள்ளியோ மாவு பூத்தது போலவோ இருந்தால் பூசணம். அடியில் டேப் தெரியும் இடத்தில் சின்னப் பஞ்சுப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உறை அட்டை இல்லாத கேசட்டுக்குப் பாதி விலைதான். அதில் இருக்கும் பெயர்கள் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.

எச்.எம்.வி. எல்.பி.க்களில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள் எஸ்.டி. என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோ, எல்.பி. என்று முடிந்தால் மோனோ.

உறையில் ஆண்டு போடவில்லை. எப்படிக் கணிப்பது?

முகவரியைப் படியுங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தையது. ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் அநேகமாக 1996க்கு முன். நம் பக்கத்துக்கென்றே ஒரு நல்ல தடயமும் உண்டு: மாவட்டப் பெயர். திண்டுக்கல் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்தது, தேனி 1996இல். ‘பெரியகுளம், மதுரை மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால் தேனி பிரிவதற்கு முன். சிவகங்கைப் பக்கத்து முகவரியில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் மாவட்டம் இருந்தால் 1985க்கும் 1997க்கும் இடைப்பட்டது. பழைய அட்டையை வருஷக்கணக்கில் அச்சடித்து ஓட்டியவர்களும் உண்டு. ஆகவே ‘இதற்கு முன் அல்ல’ என்பதை நம்பலாம், ‘இதற்குப் பின் அல்ல’ என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டை எப்படிக் கழுவுவது?

வைனலுக்கு, அதாவது எல்.பி., ஈ.பி. தட்டுகளுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 2 அல்லது 3 சொட்டு. டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். ஐசோபுரோபைல் செல்போன் சர்வீஸ் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சில தயாரிப்புகளில் எண்ணெய் கலந்திருக்கும், பள்ளத்தில் படிந்துவிடும். போர்த் தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும், அது ஒவ்வொன்றும் ஊசிக்கு ஒரு கல்.

முதலில் உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். தூசியோடு நனைத்தால் சேறாகிப் பள்ளத்தில் இறங்கும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக, லேபிளில் படாமல் நாலைந்து சுற்று. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

78 ரெக்கார்டு முற்றிலும் வேறு. அது அரக்கில் செய்தது. ஆல்கஹால் பட்டால் கரையும். டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு சோப்பும் மட்டும், ஊறவிடாமல் உடனே துடைக்க வேண்டும். பழைய ரெக்கார்டு எதைக் கண்டாலும் ஒரே பாட்டிலை எடுப்பவர்கள் ஒரு 78ஐ இழந்த பிறகுதான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

78ஐ எல்.பி. ஊசியில் போடலாமா?

கூடாது. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான், 78க்கு வேண்டியது சுமார் 76 மைக்ரான். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அங்கே இருக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். பாட்டுக்கு மேலே இரைச்சல் நிற்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி. போயிற்று. இரண்டு ஊசியையும் மாற்றிப் போடக்கூடிய கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) கிடைக்கிறது. அழுத்தம் எல்.பி.க்கு 1.5 முதல் 2.5 கிராம், 78க்கு 3 முதல் 5 கிராம். கார்ட்ரிட்ஜ் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பெட்டி வடிவில் வரும் மலிவு பிளேயர்களில் அழுத்தம் அதிகம், குறைக்கவும் வழியில்லை. இருக்கிற ஒரே பிரதியை அதில் போடாதீர்கள்.

பல வருஷம் கிடந்த கேசட்டை எடுத்ததும் போடலாமா?

போடாதீர்கள். பூசணம் இருந்தால் டெக்கின் (கேசட் போடும் கருவியின்) ஹெட்டிலும், அதாவது டேப்பைப் படிக்கும் முனையிலும், ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள். வீட்டுக்கு வெளியே முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

பூசணம் இல்லையென்றால் ஆறு பட்டைப் பென்சிலால் இரண்டு சக்கரத்தையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக நாலு தட்டு தட்டுங்கள், சுருள் சமமாகும். அதன்பின் ஃபார்வேர்டு பொத்தானைத் தொடாமல் சாதாரண வேகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஓடவிடுங்கள். வேகமாகச் சுற்றினால் முடிவில் வரும் இழுப்பில், டேப்பும் நிறமற்ற முன்துண்டும் ஒட்டிய இடம் விட்டுப்போகும்.

சி-60 கேசட்டில் டேப் சுமார் 16 முதல் 18 மைக்ரான் தடிமன், சி-90இல் சுமார் 12. மெலிந்தது சீக்கிரம் நீளும், சீக்கிரம் சிக்கும். ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த சி-90களைக் கூடுதல் பக்குவத்தோடு கையாளுங்கள்.

டேப் அறுந்துவிட்டது. பஞ்சும் விழுந்துவிட்டது.

இரண்டும் ஒரே மணி நேர வேலை. மூடியில் ஐந்து திருகு இருந்தால் நல்லது. ஒட்டிய மூடி என்றால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளந்து, டேப்பைத் திருகு மூடிக்கு மாற்ற வேண்டும். அதற்கு நல்ல காலி கேசட் ஒன்றை முதலில் வாங்கி வையுங்கள், அதன் பஞ்சுப் பட்டையும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

திறக்குமுன் ஒரு போட்டோ எடுங்கள். கீழ் மூடி மேசையில் இருக்க, மேல் மூடியை நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் சுருள் அவிழ்ந்து விழும், பிறகு அன்றைய பொழுது அதற்கே சரி. இடது சுருள், இடது மூலை ரோலர், பஞ்சுக்கு முன்புறம், வலது ரோலர், வலது சுருள் என்பதே டேப் போகும் வழி. சுருளுக்கு மேலும் கீழும் இருக்கும் மெல்லிய தாள்களை மறக்காமல் வையுங்கள். அவை விட்டுப்போனால் கேசட் கீச்சிடும்.

அறுந்த இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக ஒரே வெட்டு. முனைகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஏறக்கூடாது. ஒட்டு டேப் போட வேண்டிய பக்கத்தைப் பளபளப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், தப்பு. ஹெட்டைத் தொடும் பக்கம், அதாவது கேசட்டின் வெளிப்பக்கம், பாட்டு இருக்கும் பக்கம். ஒட்ட வேண்டியது உட்பக்கத்தில். கேசட்டுக்கென்றே விற்கும் 3.8 மி.மீ. ஒட்டு டேப்தான் வேண்டும். செலோடேப்பின் பசை நம் ஊர் வெக்கையில் கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

ஒலி மந்தமாக, கம்பளி போர்த்தியது மாதிரி இருக்கிறது.

மூன்று காரணம், இந்த வரிசையில் பாருங்கள். ஹெட்டில் பழுப்புப் படிவு: காது துடைக்கும் பஞ்சில் ஐசோபுரோபைல் தொட்டுத் துடைத்தால் போகும். அடுத்து பஞ்சுப் பட்டை. மூன்றாவது, ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே நேரில் இல்லாவிட்டால் மேல் சுருதி ஒலிகள் முதலில் காணாமல் போகும். சின்ன ஊர்களில் நகலெடுத்த கேசட்டுகளில் இது சகஜம். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகு இருக்கும். பாட்டை மோனோவில் வைத்து, ஜால்ரா ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் வரை மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. பழைய நிலையை மார்க்கரில் குறித்துவைக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

டெக் சுற்றவே இல்லையென்றால் பெல்ட். பழைய ரப்பர் தார் மாதிரி உருகியிருக்கும். ஐசோபுரோபைலில் துடைத்தெடுத்து, நூலை வைத்துப் பாதையை அளந்து, அதைவிட 5 முதல் 10 சதவீதம் சின்ன பெல்ட் வாங்குங்கள்.

வேகம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அரைக்கட்டை சுருதி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 6 சதவீத வேக வித்தியாசம். பாடகரின் கட்டை தெரிந்தால் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்க்கலாம். வர்ணிப்பு மாதிரி நிலையான சுருதி தெரியாத பதிவுகளுக்கு வேறு வழி உண்டு: பதிவிலேயே இருக்கும் கரண்ட் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் ஏற்றி, பாட்டு நின்ற இடத்தை அலைவெண் வரைபடத்தில் பாருங்கள். மேடு 53இல் இருந்தால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அந்த மேடு உங்கள் டெக்கிலிருந்தே வருகிறதா என்று முதலில் டேப்பை நிறுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். நிறுத்தியும் இரைச்சல் இருந்தால் அது உங்கள் வீட்டுக் கரண்ட்.

கணினியில் ஏற்றும்போது என்ன அளவு?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. நிமிடத்துக்குச் சுமார் 17 எம்.பி., 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ரெக்கார்டு என்றால் நடுவில் ஃபோனோ பிரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் கருவி) கட்டாயம். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், தவிர எல்.பி.யில் பாஸைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், அதை பிரீஆம்ப் திருப்பித் தர வேண்டும்.

பக்கம் முழுக்க ஒரே கோப்பாக எடுங்கள். பாட்டு பாட்டாகப் பிரிப்பது நகலில். உறை, லேபிள் இரண்டையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (ஒருவரே வாசிக்கும் பல தாளக் கருவிகள்) வாசித்தவர் பெயர்களைத் தனியாகத் தட்டச்சு செய்து வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். நீங்கள் ஊகித்த ஆண்டு நாளைக்கு ஊரெல்லாம் உண்மையாகச் சுற்றும்.

இரைச்சலை நீக்கலாமா?

நகலில் நீக்குங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும்.

மதுரை வெயிலில் எப்படி வைப்பது?

பரண் வேண்டாம், மொட்டைமாடிக்கு நேர்கீழே சித்திரையில் அடுப்பாக இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெக்கார்டை விட்டுவிட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போனால் திரும்பி வரும்போது தட்டு அப்பளமாகியிருக்கும். ரெக்கார்டு நேராக நிற்க வேண்டும்: சாயக்கூடாது, அடுக்கவும் கூடாது. பழைய பி.வி.சி. உறைக்குள் தட்டை நேரடியாக வைத்தால் வருஷங்களில் மங்கல் படியும். பாலிதீன் பூசிய காகித உள்ளுறைக்கு மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சிலிக்கா ஜெல். கரையானுக்காக அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இணையத்தில் ஏற்றலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த பதிவு என்றால் 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர்கள் இறந்த பிறகு 60 ஆண்டு. நிகழ்த்திய கலைஞருக்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. கேசட் காலத்துச் சரக்கு எதுவும் இன்னும் இந்தக் கணக்கைத் தாண்டவில்லை. நாமே கேட்பதற்கு நகலெடுத்து வைப்பது வேறு விஷயம். வர்ணிப்புக் கலைஞர் ஊரில் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். பலரிடம் தங்கள் கேசட்டே இருக்காது; ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஒருமுறை கேட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் பிடிபடவில்லையா?

சில ஆல்பங்கள் நிஜமாகவே சுமார்தான். யாரும் கேட்கவில்லை என்பதே தகுதி ஆகிவிடாது. ஆனால் முடிவுக்கு வருமுன் பி பக்கத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். விற்க வேண்டிய பாட்டை ஏ பக்கத்தில் முதலில் வைப்பார்கள். கலைஞர் விரும்பியதற்குப் பல சமயம் பின்பக்கம்தான் இடம் கிடைக்கும். வர்ணிப்பை ஹெட்ஃபோனில் கேட்டால் அலுக்கும். அது வெளியில் தூரத்திலிருந்து கேட்பதற்குப் பாடியது. ஸ்பீக்கரைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வேலை பாருங்கள்.

வீட்டில் யாரும் கேட்க விடமாட்டேன் என்கிறார்கள்.

ஆல்பம் முழுவதையும் போட்டுக் காட்டாதீர்கள், அதைவிட ‘இதைக் கவனி, இந்த இடத்தைக் கவனி’ என்று பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். நாலு நிமிஷத் துண்டு ஒன்று, சமையல் நேரத்தில், ஒலியைக் குறைத்து. ஊர்ப் பெயர் வருகிற இடமாக எடுங்கள். வாடிப்பட்டியில் பிறந்த அத்தை, வாடிப்பட்டி என்று பாட்டில் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு வருவார்.

ஏற்கெனவே இருக்கும் ஆல்பத்தின் இன்னொரு பிரதி கிடைத்தால் வாங்கலாமா?

வாங்குங்கள், முதலாவதைவிட மோசமாக இருந்தாலும். இரண்டு பிரதியும் ஒரே இடத்தில் கெட்டிருக்காது. ஒன்றில் டேப் மென்று போன பத்து விநாடியை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஒட்டுமுன் இரண்டின் வேகத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.